ஆக்லாந்திலிருந்து ஒரு நாள்

"ஒரே ஒரு லீவுதான் சேச்சி. இப்போ வந்துட்டுப் போயிட்டா அடக்கத்துக்கு வர முடியாது. ஒத்த மகன் பெட்டிக்குப் பக்கத்துல நிக்கலேன்னா பங்குக் கோயில்ல என்ன பேசுவாங்க?"

ஆக்லாந்திலிருந்து போன் ஸ்பீக்கரில் சிபிச்சன் கேட்டான்.

"அம்மச்சிக்கு நெனவு இருக்குடா. உன்னத்தான் கேக்கறாங்க. இப்பவே வா" என்றாள் அக்காள் லிஸி.

"டாக்டர்கிட்ட எத்தன நாள்னு கேட்டுச் சொல்லு."

கட்டிலில் கண்மூடிக் கிடந்த அவர்கள் அம்மா மறியக்குட்டிக்கு எல்லாம் கேட்டது. கேரளத்தில் பாலா ஊர்ப் பக்கம் எங்களுக்கு இது புதிதல்ல. பாதி வீட்டுப் பிள்ளைகள் கடல் தாண்டி இருக்கிறார்கள். உயிரோடு பார்ப்பதா, பெட்டியில் பார்ப்பதா என்று வரும்போது பெரும்பாலும் பெட்டிதான் ஜெயிக்கிறது.

மதியம் மறியக்குட்டி தன்னைப் பார்த்துக்கொள்ளும் ஹோம் நர்ஸ் ஷீஜாவைக் கூப்பிட்டாள்.

"அவன் ஊருக்கும் நம்ம நெடும்பாசேரி ஏர்போர்ட்டுக்கும் எவ்வளவு தூரம்? போன்ல பாரு."

"பதினோராயிரத்து நானூறு கிலோமீட்டர் அம்மச்சி. சிங்கப்பூர்ல வேற விமானம் மாறணும். எப்படியும் ஒரு நாள் ஆயிடும்."

"சொர்க்கம் இதவிடப் பக்கம்டீ."



மாலையில் பங்குத் தந்தை வந்து எண்ணெய் பூசி நற்கருணை கொடுத்தார். மறியக்குட்டி அவர் கையை விடவில்லை.

"அச்சனே, என்னை ஐஸ்ல வைக்கக் கூடாது. செத்த மறுநாள் காலையிலயே அடக்கிடணும்."

"மகன் வர வேண்டாமா அம்மச்சி?"

"அவன் கணக்குப் போட்டான். நானும் போட்டுட்டேன்."

அச்சன் அவள் நெற்றியில் சிலுவை வரைந்துவிட்டுப் போனார்.

பிறகு கஞ்சித் தண்ணீர்கூட இறங்கவில்லை. விரல்கள் ஜெபமாலையை உருட்ட மறுத்தன. அம்மனைக் கும்பிடும் ஷீஜா பக்கத்தில் உட்கார்ந்து, ஒவ்வொரு மணியாக அவளுக்காக நகர்த்திக் கொடுத்தாள். அந்த விரல்களையும் மாதா பார்த்திருப்பாள்.

ஒரு நாள் விடியலில் மறியக்குட்டி ஷீஜாவின் மணிக்கட்டைப் பிடித்தாள்.

"மோளே, எவ்வளவு நேரம்னு சொன்ன?"

"ஒரு நாள் அம்மச்சி."

"லீவு சொல்லணும், டிக்கெட் கிடைக்கணும்... மூணு நாள் ஐஸ்லயே வைக்கச் சொல்லு. அச்சன்கிட்ட நீயே சொல்லிடு. சின்னதுலயே அவனுக்கு வண்டி ஏறினா வாந்திதான். அவசரப்படுத்த வேண்டாம்."

அன்று மதியம் மறியக்குட்டி போய்விட்டாள்.

மூன்றாம் நாள் சிபிச்சன் வந்து சேர்ந்தான். வெள்ளை ஜிப்பாவும் கறுப்புக் கண்ணாடியுமாகப் பெட்டியின் தலைமாட்டில் நின்றான். காமிராக்காரன் சொன்ன பக்கம் திரும்பினான். பெட்டியை மூடுமுன் குனிந்து நெற்றியில் முத்தமிட்டவன், குளிர் தாங்காமல் சட்டென்று நிமிர்ந்தான்.

கல்லறைத் தோட்டத்திலிருந்து திரும்பும்போது ஷீஜாவிடம், "கரெக்டா வந்து சேந்துட்டேன், இல்ல?" என்றான்.

லிஸி ஏதோ சொல்ல வாயெடுத்தாள். ஷீஜா முந்திக்கொண்டாள்.

"ஆமா சாரே. அம்மச்சி உங்களுக்காகக் காத்துக்கிட்டிருந்தாங்க."

அவள் குரலில் குத்தல் இல்லை. அவன் நிம்மதியாகத் தலையாட்டிவிட்டு, திரும்பிப்போகும் விமானம் எத்தனை மணிக்கு என்று போனில் பார்க்கத் தொடங்கினான்.