வெட்டிவிட்ட கத்தரி

மஸ்கட்டிலிருந்து மனைவி சுகாசினி ஒரு மாத விடுப்பில் வந்தபோது, டேனியலுக்குத் தன் வீட்டிலேயே எங்கே உட்காருவது என்று தெரியவில்லை. நான்கு வருடமாகத் தனியாக இருந்து பழகியவன். காஞ்சிபுரம் செவிலிமேட்டில் அவர்கள் குடியிருந்தது ஒரு மாடி போர்ஷன். ஒரே அறை, சின்னச் சமையலறை, வெளியே மொட்டைமாடி.

டேனியல் பெயிண்டர். சாரத்திலிருந்து விழுந்து முழங்கால் போனபின் ஏணி ஏற முடியவில்லை. பெயிண்ட் கடையில் கலர் கலக்கிக் கொடுக்கும் வேலைதான் கிடைத்தது. அந்த வருமானத்தில் குடும்பம் ஓடாது என்றுதான் சுகாசினி மஸ்கட்டுக்குப் போனாள். அங்கே படுக்கையில் கிடக்கும் ஒரு வயதான அம்மாளைப் பார்த்துக்கொள்ளும் வேலை.

அவள் போனபிறகு சாயங்காலங்களை என்ன செய்வது என்று அவனுக்குப் புரியவில்லை. கடையில் வீணாகக் கிடந்த காலி பக்கெட்டுகளை எடுத்துவந்து, அடியில் ஓட்டை போட்டு, மண்ணும் சாணி எருவும் நிரப்பினான். முதலில் வைத்ததெல்லாம் பட்டுப்போயிற்று. பிறகு வெண்டை வந்தது, சிறுகீரை வந்தது. கத்தரி காய்த்துத் தள்ளியது. சமைத்துத் தின்ன அவன் ஒருவன்தான்.

போனில் இதையெல்லாம் சொன்னதில்லை. "சாப்டியா?" என்பாள். "சாப்ட்டேன். நீ?" என்பான். அதற்குள் உள்ளேயிருந்து யாராவது அவளைக் கூப்பிட்டுவிடுவார்கள்.

அவள் வந்த மூன்றாம் நாள், அவன் கடைக்குப் போயிருந்த நேரத்தில், மாடியைக் கூட்டிச் சுத்தம் செய்தாள். சாயங்காலம் அவன் வந்து பார்த்தபோது ஒரு பக்கெட் காலியாக இருந்தது. குப்பைச் சாக்கில் கத்தரிக்கட்டை வேரோடு கிடந்தது.

டேனியல் அதை எடுத்துத் திருப்பிப் பார்த்தான்.

"காஞ்ச கட்டைன்னு பிடுங்கிட்டேங்க," என்றாள் சுகாசினி. "இன்னா, வேணுமா அது?"

"காயல. நாந்தான் வெட்டி உட்டேன். காய்ப்பு ஓஞ்சா இப்டி வெட்டி உட்டா மறுபடி தழையும்." கணுவில் இருந்த பச்சை முளையை விரலால் காட்டினான்.

அவள் குனிந்து பார்த்தாள். "சொல்லியிருக்கலாம் இல்ல?"

"நீ கேக்கலையேமா."

கோபமாகச் சொல்லவில்லை. ஆனால் அவள் உள்ளே போய் அடுப்பைப் பற்ற வைத்துவிட்டு, வெகுநேரம் வெளியே வரவில்லை. அவன் கட்டையை மறுபடி நட்டு, மண்ணை அழுத்திவிட்டுத் தண்ணீர் ஊற்றினான்.

டீயோடு வந்தவள் பக்கெட் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள்.

"நானும் அங்க வெந்தயம் போட்டேன்," என்றாள். "ஐஸ்கிரீம் டப்பால. என் ரூமுக்கு ஜன்னல் கெடையாது. டியூப்லைட்டுக்குக் கீழ வெச்சிருந்தேன்."

"வந்துச்சா?"

"வெள்ளையா, நூலு மாதிரி வந்துச்சு. நிக்க முடியாம சாஞ்சிக்கினு கெடந்துச்சு. அப்டியே கிள்ளித் தின்னுட்டேன்."

ஜன்னல் இல்லாத அறை என்று இத்தனை நாளில் அவள் ஒருமுறைகூடச் சொன்னதில்லை. டேனியல் டீயைக் கையில் வைத்துக்கொண்டே இருந்தான். அது ஆறிப்போயிற்று.

அதன்பின் சாயங்காலமானால் இருவரும் மாடியில்தான். அவள் கீரை கிள்ளுவாள். அவன் வெண்டையில் அசுவினிப் பூச்சி பிடித்த இலைகளை எடுத்துப் போடுவான். பேசுவதற்கு ஏதோ கொஞ்சம் இருந்தது. கத்தரி மட்டும் பிழைக்கவில்லை. முளை கருகி உதிர்ந்தது. அவள்தான் அதைப் பிடுங்கினாள், இந்த முறை அவனைக் கேட்டுவிட்டு.

விடுப்பு முடிய ஒரு வாரம் இருக்கும்போது, மஸ்கட் வீட்டுக்காரர்கள் இன்னும் இரண்டு வருடம் இருக்கச் சொல்லியிருக்கிறார்கள் என்றாள். சொல்லிவிட்டு அவன் முகத்தையே பார்த்தாள்.

"உன் இஷ்டம்மா," என்றான் டேனியல். முழங்கால் இப்படி இருக்கும்போது வேறு எதுவும் சொல்லத் தனக்கு உரிமை இல்லை என்று அவனுக்குப் பட்டது.

"செரி," என்றாள் அவள்.

விமான நிலையத்தில் அவளை விட்டுவிட்டுத் தாம்பரம் வந்து காஞ்சிபுரம் பஸ் ஏறினான். ஒரகடம் தாண்டும்போதுதான், அவள் அன்று எதற்காகத் தன் முகத்தைப் பார்த்தாள் என்று புரிந்தது. போன் செய்தான். ஸ்விட்ச் ஆஃப்.

மறுநாள் காலை அவளிடமிருந்து வாய்ஸ் மெசேஜ் வந்தது. "வந்து சேந்துட்டேங்க. அந்தம்மா கூப்டுது. அப்பறம் பேசறேன்."

கடைக்குக் கிளம்பும் முன் டேனியல் போனை வாயருகே பிடித்துக்கொண்டு நின்றான். இரண்டு முறை பேசி அழித்தான். பிறகு, "சுகா, ரெண்டு வருசம் வேணாம். வந்துடு. இருக்கறத வெச்சிப் பாத்துக்கலாம்," என்று சொல்லி அனுப்பினான்.

மதியம் கடையில் போனை எடுத்துப் பார்த்தபோது அவள் மெசேஜைக் கேட்டுவிட்டது தெரிந்தது. பதில் இல்லை. சாயங்காலம் வீட்டுக்கு வந்து, போனை மாடிச் சுவரின் மேல் வைத்துவிட்டு, ஒவ்வொரு பக்கெட்டாகத் தண்ணீர் ஊற்றினான். வெண்டைக்காய் முற்றிக்கொண்டிருந்தது. பறித்து மடியில் போட்டுக்கொண்டே போனைத் திரும்பித் திரும்பிப் பார்த்தான். அது அடிக்கவில்லை.