ஞாயிற்றுக்கிழமைத் துரை

பிரிக்ஃபீல்ட்ஸ் ரயில்வே குடியிருப்பின் பின்புறத்தில், ஞாயிறு பிற்பகல்களில், வெளியார் அறியாத கூத்து ஒன்று நடந்து வந்தது. பட்டறைக் கூலிகளே நடிகர்கள், அவர்களே பார்வையாளர்கள். விதி ஒன்றுதான். அந்த வாரத்தில் பட்டறையின் வெள்ளைக்காரத் துரையிடம் அடியோ வசவோ வாங்கியவர் எவரோ, அவரே முகத்தில் அரிசி மாவைப் பூசிக்கொண்டு துரையாக அமர வேண்டும். மற்றவர்கள் கைகட்டி நிற்பார்கள். அவர் யாருக்கும் புரியாத ஓர் இங்கிலீஷில் மனம் ஆறும்வரை அதட்டுவார். திங்கட்கிழமை மீண்டும் பட்டறைக்குள் நுழைய அதுவே அவருக்குத் தெம்பு.

அந்த வாரம் கன்னத்தில் அறை வாங்கியிருந்தவர் சம்மட்டி அடிக்கும் இருதயம். அவர் போட்ட துரை வேடத்தைக் கண்டு எல்லாரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டார்கள். மைத்துனர் வீட்டுக்கு வந்திருந்த தம்புசாமியும் சிரித்தார். அவர் கிள்ளானில் நாடகக் கம்பெனி நடத்துபவர்.

"இத இங்க ஒளிச்சு வச்சு என்னா பண்ணப் போறீங்க? கிள்ளான்ல போட்டா ஊரே வரும். நாம படுற பாட்ட நாலு பேரு பாக்கட்டும்ணே."

அந்தக் கடைசி வார்த்தையில் இருதயம் இளகிவிட்டார். தங்கள் பாட்டை ஊர் அறிய வேண்டும் என்பது அவருடைய நெடுநாள் ஆசை.

பக்கத்தில் நின்ற பட்டறைக் கூலி அய்யாவு என்பவருக்கு அது பிடிக்கவில்லை. "அண்ணே, அடி வாங்கினவன் போடுற வேஷம் இது. கம்பெனிக்காரன் கையில குடுத்துட்டா நாம எங்க போறது?"

"ஒரு தடவதான் தம்பி."

கிள்ளான் கொட்டகையின் முன்வரிசையில் தோட்டத் துரைமார்கள் குடும்பத்துடன் அமர்ந்திருந்தார்கள். அதைப் பார்த்த தம்புசாமி, வேடம் போடும் அறைக்கு விரைந்து வந்தார்.

"கொஞ்சம் மாத்திக்கலாம்ணே. துரை வேஷத்துக்கு நம்ம ஆளு ஒருத்தரு இருக்காரு, கோட்டு போட்டா ராஜா மாதிரி. நீங்க கள்ளு குடிச்ச கூலி. அவரு உதைப்பாரு, நீங்க உருளணும்."

"அப்ப நாம படுற பாடு?"

"அதுல சிரிப்பு இருக்கட்டும்ணே. துரைக்குக் கோவம் வந்தா லைசென்சு போயிரும்."

இருதயம் மேடையேறினார். உருண்டார். துரைமார்கள் கைதட்டினார்கள், பின்வரிசையில் நின்ற கூலிகள் அவர்களைவிடப் பலமாகத் தட்டினார்கள். 'கள்ளுக் கூலி' என்ற பெயரில் அது கேரி தீவு வரை போயிற்று.

சனிக்கிழமைதோறும் உருண்டு சலித்த இருதயம், ஒருநாள் போதுமென்று கூறிவிட்டுப் பழைய கூட்டத்துக்குத் திரும்பினார். அந்த வாரம் துரையிடம் உதை வாங்கியிருந்தவர் அய்யாவு. இருதயமே மாவைக் குழைத்து எடுத்துச் சென்றார்.

"வா தம்பி, இன்னிக்கு நீதான துரை."

அய்யாவு மாவைப் பார்க்கவே இல்லை. "அதெல்லாம் பழசுண்ணே. கிள்ளான்ல போட்டீங்களே, அதப் போடுங்க. ரெண்டு தடவ வந்து பாத்தேன், சிரிச்சு சிரிச்சு கண்ணுல தண்ணி."

"ஆமாண்ணே, உருளுங்க," என்று சுற்றி நின்றவர்களும் கேட்டார்கள்.

இருதயம் கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டுத் தள்ளாடத் தொடங்கினார். அய்யாவு எழுந்து வந்து உதைத்தார். முதலில் விளையாட்டாகத்தான் உதைத்தார். "இன்னும் பலமா லா," என்று யாரோ தூண்டினார்கள். அடுத்த உதை, பட்டறையில் விழுவதைப் போலவே விழுந்தது. கூட்டம் கைதட்டியது.