ஊதி வாங்கிய மின்பகுளி

1

இந்தக் கதை என் பெட்டிக்குள்ளிருந்து பிறந்தது. மதுரை விமான நிலையத்தில் பெட்டியைத் திறக்கச் சொல்லி, பவர் பேங்கை வெளியே எடுக்க வைத்தார்கள். "பறக்கும்போது அடியில லக்கேஜுக்குள்ள தீப்பிடிச்சா யாரு சார் போய் அணைக்கிறது?" என்றார் அதிகாரி. எனக்கு வேர்த்துவிட்டது. பாதி பயம், பாதி கதை கிடைத்த சந்தோஷம்.

2

முதல் தொடக்கம்: 'சிறுமலைக்கு மேலே சூரியன் உதித்தபோது விஞ்ஞானி ஷாஹினா...'

வேண்டாம். ஷாஹினா சூரிய உதயம் பார்க்கிற ஆள் இல்லை.

மறுபடி: நாகல் நகர் ஷாஹினா, விமான பேட்டரிக்குத் தீப்பிடிக்காத மின்பகுளி தயாரிக்கிறாள். பெயரைக் கேட்டு மிரள வேண்டாம். பேட்டரிக்குள் மின்னூட்டத்தைச் சுமந்து போகும் திரவம், அவ்வளவுதான். வழக்கமான திரவம் சூடேறினால் பற்றிக்கொள்ளும். இவளுடையது பற்றாது. ஆனால் ஈரம் ஆகாது. ஈரம் பட்டால் அப்போதும் எரியாது, பேட்டரிதான் சீக்கிரம் செத்துப்போகும்.

நாளைக்குப் பெங்களூரில் ஒரு நிறுவனத்தார் அதைச் சோதிக்கிறார்கள். தேறினால் ஆய்வு தொடரும். இல்லாவிட்டால் மூட்டை கட்ட வேண்டியதுதான்.

(ஆய்வகப் பாட்டிலை வீட்டுக்குக் கொண்டுவரக் கூடாது. அவளுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். பெங்களூர் பஸ் ஏற வீடுதான் பக்கம். தவிர, கொண்டுவராவிட்டால் எனக்குக் கதை இல்லை.)

3

அவள் அம்மா ரம்ஜான் பீவியைச் சந்தேகத்தோடுதான் எழுதுகிறேன். இவ்வளவு நல்ல மனுஷியைக் கதை தாங்குமா? மகன் அஸ்பாக் ஷார்ஜாவுக்கு விமானம் ஏறினால், அவன் இறங்கிப் போன் பண்ணும்வரை பச்சைத்தண்ணீர்கூடக் குடிக்கமாட்டாள்.

ஷாஹினா பெட்டி அடுக்கிக்கொண்டிருந்தபோது அம்மா பாட்டிலும் கையுமாக உள்ளே வந்தாள். சீல் உடைந்திருந்தது.

"எங்கம்மா கொண்டு போனே இதை?"

"பள்ளிவாசலுக்குத்தான். அந்தி மஃரிபு தொழுதுட்டு வந்தவுக அம்புட்டுப் பேரும் ஓதி ஊதிக் குடுத்தாக.* இனி ஒரு கொறையும் வராது தாயி."

ஷாஹினா பாட்டிலைப் பிடுங்கி மூடியைத் திருகினாள். மூச்சு என்றால் ஈரம். அதுவும் தெருவே சேர்ந்து விட்ட மூச்சு.

"தம்பி போற பிளேனுக்குத்தானே செய்யிறே?" என்றாள் அம்மா.

தொண்டைவரை வந்த கோபம் அங்கேயே நின்றது. அதற்குப் பதிலாக அழுகை வந்தது. நல்ல சகுனம் என்று அம்மா நினைத்துக்கொண்டாள்.

* காய்ச்சல்காரப் பிள்ளைக்கு, தொழுதுவிட்டு வருகிறவர்களிடம் தண்ணீரில் ஓதி ஊதி வாங்குவார்கள். எல்லா மதத்துத் தாய்மாரும் பள்ளிவாசல் வாசலில் சொம்போடு நிற்பார்கள். நானும் குடித்து வளர்ந்தவன்தான், அதனால் என் சிரிப்பைக் கேலி என்று எடுத்துக்கொள்ளாதீர்கள்.

4

இங்கே ஓர் அற்புதம் எழுதிப் பார்த்தேன்: 'ஊதிய பாட்டில்தான் எல்லாவற்றையும்விடச் சிறப்பாக...' அடித்துவிட்டேன். ஆய்வகத்தார் சிரிப்பது இருக்கட்டும், பள்ளிவாசல்காரர்களே சிரிப்பார்கள்.

நடந்தது வேறு. பெங்களூரில் திரவத்தின்மேல் தீயைக் காட்டினார்கள். பற்றவில்லை. கைதட்டினார்கள். அந்தக் கைதட்டலோடு அவள் வாயை மூடிக்கொண்டிருக்கலாம்.

"இதை பேட்டரில ஊத்த வேணாம் சார். பாட்டில் தொறந்து ஈரம் பட்டுருச்சு."

"யார் திறந்தது?"

"வீட்ல. அக்கறையில தொறந்துட்டாங்க."

அவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். "அடுத்த மாசம் புதுசா கொண்டு வாங்க. அதுதான் கடைசி வாய்ப்பு."

5

ஷாஹினா வெளியே வந்ததும் போன் அடித்தது. அம்மாதான்.

"ஏம்மா, ஊதுனது கேட்டுச்சா?"

ஷாஹினாவை உண்மை சொல்ல வைத்து எழுதிப் பார்த்தேன்: அம்மா அன்று சோற்றில் கை வைக்கவில்லை. பொய் சொல்ல வைத்துப் பார்த்தேன்: அடுத்த மாதப் பாட்டிலும் பள்ளிவாசல் வாசலுக்குப் போய்விட்டது, இந்த முறை பக்கத்துத் தெருவுக்கும். இரண்டையும் கிழித்துப் போட்டேன். எனக்கு இரண்டு பேரையும் பிடிக்கும், அதுதான் தொல்லை.

நீங்களே ஒரு பதில் சொல்லுங்கள். கொஞ்சம் சீக்கிரம். அம்மா லைனில்தான் இருக்கிறாள், பின்னால் மஃரிபு தொழுகைக்குப் பாங்கு கேட்கிறது.