வாய் திறக்காத மெம்பர்

இந்தத் தடவை மாட்டேன் என்று சொல்லிவிடுவதற்காகத்தான் வேலப்பன் நாட்டுக்கூட்டத்துக்கு வந்திருந்தார். மலையூர்கள் பல சேர்ந்த தேவனூர் நாடு, முப்பத்தேழாம் வருஷத் தேர்தலில் அவரை மெம்பராக்கிச் சென்னைச் சட்டசபைக்கு அனுப்பியது. மலையில் ஓட்டுள்ளவர்கள் கொஞ்சம் பேர்தான். அத்தனை பேரும் நாடு கைகாட்டிய, அவர் கட்சியின் மஞ்சள் பெட்டியில் ஓட்டுப் போட்டார்கள். பதிலுக்கு ஒன்றே ஒன்றுதான் கேட்டார்கள். காட்டில் மேயும் மாடுகளைக் காட்டிலாகாக் காவலர்கள் பிடித்துப்போய் அடிவாரத்துத் தொழுவத்தில் அடைக்கிறார்கள். அதைச் சபையில் எழுந்து சொல்ல வேண்டும்.

அவர் சொல்லவில்லை. முதல் கூட்டத்திலேயே கட்சிக் கொறடா தோளைத் தொட்டு, "இப்போ வேண்டாம், நம்ம மந்திரிக்கே சங்கடம்" என்றார். அடுத்த கூட்டத்திலும் அதையே சொன்னார். அப்புறம் தோளைத் தொட வேண்டிய தேவையே இல்லாமல் போயிற்று. மற்றவர்கள் கை தூக்கும்போது வேலப்பனும் தூக்கினார். மற்ற நேரமெல்லாம் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். மந்திரிசபை விலகி, அவர் மலைக்குத் திரும்பி, யுத்தமும் முடிந்துவிட்டது. இப்போது மறுபடி தேர்தல்.

கோயில் முன்னால் பாறைமேல் நாட்டுத் தலைவரான பட்டக்காரர் முத்தன் கண்ணை மூடி அமர்ந்திருந்தார். நாட்டு வழக்கப்படி பட்டக்காரர் கூட்டத்தில் வாய் திறப்பதில்லை. அவருக்காகச் செங்கோடன் பேசுவான். அவர் தலையசைத்தால் முடிவு.

"ஏனுங்க மெம்பரே, மறுக்காவும் நீங்கதான் போகோணும்" என்றான் செங்கோடன்.

"வேண்டாமுங்க. வேற ஆளப் பாருங்க."

"ஏனுங்க, மெட்ராசுத் தண்ணி சேரலீங்களா?"

கூட்டம் சிரித்தது. வேலப்பன் எழுந்து நின்றார். "நான் அங்க ஒரு வார்த்த பேசலீங்க. மாட்டப் பத்தியும் பேசல, எதப் பத்தியும் பேசல. வாயே தொறக்கலீங்க."

சிரிப்பு நின்றது. ஏசுவார்கள் என்று காத்திருந்தார். ஏசித் துரத்திவிட்டால் போதும் என்றிருந்தது.

"ஒரு வார்த்தகூடவா?"

"ஒரு வார்த்தகூட."

செங்கோடன் கூட்டத்தின் பக்கம் திரும்பினான். அவன் முகம் மலர்ந்திருந்தது. "கேட்டீங்களா சாமி! வெள்ளக்காரன் சபையில போயி, நம்ம பட்டக்காரராட்டம் அசையாம உக்காந்துட்டு வந்திருக்காரு. கத்துறவன் கத்தட்டும்னு! பெரிய மனுசன்னா இதுதானுங்க."

"அப்படி இல்லீங்க, நான் பயந்துக்கிட்டு..."

"பாரு, தன்னப் பெருசாச் சொல்லிக்க மாட்டேங்குறாரு" என்றார் ஒரு கிழவர்.

பெண்கள் பக்கமிருந்து கண்ணாயி முன்னால் வந்தாள். வேலப்பனின் பெரியப்பன் மகள். அவளுடைய உழவெருது போன வாரம்தான் பிடிபட்டுப் போயிருந்தது.

"ஏண்ணா, பட்டக்காரருக்குப் பேசச் செங்கோடன் இருக்கான். உனக்கு அங்க ஆரு பேசுனா?"

பட்டக்காரர்கூடக் கண்ணைத் திறந்தார்.

ஆருமில்லை என்று சொன்னால் போதும். அந்த ஒரு சொல்லில் எல்லோருக்கும் புரிந்துவிடும், அவரை விட்டுவிடுவார்கள். வேலப்பன் வாயைத் திறந்தார். சொல் நாக்கு வரை வந்தது. தோளில் யாரோ தொட்டதுபோல் இருந்தது. பின்னால் ஒருவரும் இல்லை.

கண்ணாயி வெகுநேரம் நின்று பார்த்தாள். பிறகு எருதைத் தேடி அடிவாரத்துச் சேந்தமங்கலத்துக்கு இறங்கும் தடத்தில் நடக்கத் தொடங்கினாள்.

வேலப்பன் மௌனமாக நிற்பதைப் பார்த்துப் பட்டக்காரர் மெல்லத் தலையசைத்தார். செங்கோடன் மெம்பருக்குத் தலைப்பாகை கட்ட உருமாலை உதறி எடுத்துக்கொண்டு வந்தான்.

"கொஞ்சம் குனிங்க சாமி" என்றான்.

வேலப்பன் குனிந்தார்.