ஐம்பத்தேழு கிலோ

ஐம்பத்தேழு கிலோப் பிரிவில் நூறு கிராம் கூடிப்போனதால், உலக மல்யுத்தப் போட்டியில் களமே இறங்காமல் அமெரிக்காவுக்கு, எங்கள் அயோவா மாநிலத்துக்குத் திரும்பியவர் எங்கள் கோச் வெர்ன். பிறகு முப்பது வருஷம் கல்லூரியில் எங்களைத் தராசில் ஏற்றி ஏற்றி உயிரை வாங்கினார். தான் மட்டும் ஏறியதில்லை.

புற்றுநோய் வந்தபின் நான்தான் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போவேன். நர்ஸ் எடை பார்க்கக் கூப்பிட்டதும் மனுஷன் சட்டை, பெல்ட், காலுறை எல்லாவற்றையும் கழற்றினார்.

"சட்டையோடயே நிக்கலாம் சார்."

"நீ சும்மா இரும்மா. ஒரு தடவ பட்டது போதும்."

அந்தப் போட்டியன்று சோப்புப் போட்டும் கழலாத கல்யாண மோதிரம், கையைத் தாழ்த்தியதும் தானாக விழுந்தது.

"ஐம்பத்தாறு," என்றாள் நர்ஸ்.

"இன்னும் ஒரு கிலோ இடமிருக்குடா," என்று என்னைப் பார்த்துச் சிரித்தார். "போற வழியில பர்கர் வாங்கிக் குடு."

வாங்கிக் கொடுத்தேன். ஒரு வாய்க்கு மேல் இறங்கவில்லை.