ரோட்டுக்கு இரண்டு பக்கமும்

ஜெயமுருகன் நாசமாகப் போக வேண்டும் என்று நான் வேண்டாத சாமி இல்லை. பூம்பாறை வேலப்பரிடம் போய் அழுதே கேட்டிருக்கிறேன். அவருக்கு வேறு சோலி இருந்திருக்கும் போல. எதிரே அவன் லாட்ஜ் மட்டும் மாடிக்கு மேல் மாடியாக ஏறிக்கொண்டே போனது.

எங்கள் வீடு ரோட்டுக்கு மேட்டுப் பக்கம். அவன் லாட்ஜ் பள்ளத்துப் பக்கம், ஓடையை ஒட்டி. ஒட்டி என்ன, ஓடையின் மேலேயே. நாங்களும் மொட்டை மாடியில் இரண்டு ரூம் கட்டி டூரிஸ்டுகளுக்கு விட்டிருந்தோம். அப்ரூவல் வாங்கவில்லை, அதை மறைக்க மாட்டேன். எங்கள் தெருவில் அப்ரூவலோடு நிற்பது கரண்டு கம்பம் மட்டும்தான். அந்த ரூம் வாடகையில்தான் என் மகள் ரம்யா திண்டுக்கல்லில் நர்சிங் படித்தாள். வீட்டுக்காரர் ஆண்டிச்சாமி ஜீப் ஓட்டிக் கொண்டுவருவது அரிசி பருப்புக்குத்தான் காணும்.

சீசனில் அவனிடம் வாடகையைக் கேட்டு மிரண்டு வெளியே வருகிற குடும்பங்கள் நேராக ரோட்டைக் கடந்து எங்களிடம் வந்துவிடும். அதுதான் அவனுக்குப் பொறுக்கவில்லை. நகராட்சியில் எங்கள் மேல் புகார் கொடுத்தான். ஒரு நாள் வெள்ளனே கட்டட இன்ஸ்பெக்டர் கோகுல்ராஜ் ஆட்களோடு வந்து இரண்டு ரூமையும் பூட்டி, பூட்டில் துணி சுற்றி அரக்கு வைத்துவிட்டார். கவுஞ்சி கிராமத்தில் எங்கள் காட்டில் ஊன்ற வேண்டிய விதைப்பூண்டு, சீசன் இல்லாத நேரமென்று, உள்ளே கட்டுக்கட்டாகத் தொங்கிக்கொண்டிருந்தது. அதையாவது எடுத்துக்கொள்கிறோம் என்று கெஞ்சினேன். நேரமில்லை என்றார். நேரமில்லாத அந்த மனிதர் எதிரே போய் லாட்ஜ் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து காபி குடித்தார்.

ஜெயமுருகன் பக்கத்தில் நின்றுகொண்டு என்னைப் பார்த்துச் சிரித்தான்.

“என்ன தங்கச்சி செய்ய? சட்டம் எல்லாருக்கும் பொதுதானே.”

ஜன்னல் கண்ணாடிக்குப் பின்னால் பூண்டு முளைவிட்டது, வதங்கியது, அழுகியது. அந்த வருடம் காடு தரிசாகக் கிடந்தது. அந்த ஜன்னலைப் பார்க்கப் பார்க்க, என் ரூமைத் திறக்க வேண்டும் என்ற நினைப்பே கொஞ்சம் கொஞ்சமாக விட்டுப்போய், அவனுடையதை மூட வேண்டும் என்ற ஒரே நினைப்பு மிஞ்சியது.

குறைதீர் நாள் தவறாமல் போய், ஓடை மேல் லாட்ஜ் கட்டியிருக்கிறான் என்று மனு கொடுத்தேன். பார்க்கலாம்மா, பார்க்கலாம்மா என்பார் கோகுல்ராஜ். அவர் பார்த்ததெல்லாம் நான் திரும்பி நடக்கிற முதுகைத்தான். பிறகு நகராட்சிக்கு சுகன்யா என்று ஒரு கமிஷனர் மாற்றலாகி வந்தார். சின்ன வயது, சிரிக்காத முகம். என் மனுவைப் படித்தவர் மறுநாளே நேரில் வந்து, ஓடைக்குள் இறங்கி நின்று லாட்ஜை அண்ணாந்து பார்த்தார். கோகுல்ராஜ் கரையில் நின்று கழுத்து வியர்வையைத் துடைத்துக்கொண்டிருந்தார், எங்கள் ஊர்க் குளிரில்.

மேலே ஏறி வந்ததும் கமிஷனர் என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

“அம்மா, நான் கையில எடுத்தா ரெண்டையும் சேர்த்துத்தான் எடுப்பேன். அவர் பில்டிங் இடிஞ்சா உங்க ரெண்டு ரூமும் இடியும். எனக்கு ரெண்டும் ஒண்ணுதான். வீட்டுல பேசிட்டு வந்து சொல்லுங்க.”

நாங்கள் பேசுவதற்கு முன்னால் ஜெயமுருகனே பேச வந்துவிட்டான். எங்கள் வாசல்படியை அவன் மிதித்தது அதுதான் முதல் தடவை. கையில் ஒரு பை நிறைய பேரிக்காய். என் வீட்டுக்காரரை வாய்க்கு வாய் மாப்ள என்றான். நான் மனுவை வாபஸ் வாங்கினால் அவனும் புகாரை வாபஸ் வாங்கிவிடுவானாம். கோகுல்ராஜிடம் சொல்லி எங்கள் ரூம் பூட்டை வெரசா திறக்க வைப்பானாம். அந்தக் கமிஷனரம்மா இந்த ஊரில் எத்தனை நாளைக்கு இருக்கப்போகிறது என்றான். பேசும்போது என் முகத்தைப் பார்க்காமல் பையின் காதையே திருகிக்கொண்டிருந்தான். அதைப் பார்க்க எனக்கு அவ்வளவு ஆசையாக இருந்தது. இன்னும் கொஞ்சம் காபி ஊற்றிக் கொடுத்து உட்கார வைத்துப் பார்த்தேன்.

அவன் போனதும் வீட்டுக்காரர் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

“புள்ள படிப்பு பாதியில கெடக்கு. நம்ம ரூமு தெறந்தாப் போதும். அவன் எப்படிப் போனா நமக்கென்ன?”

ரம்யாவும் போனில் அதையேதான் சொன்னாள். இன்னும் ஒரு வருஷம்தானே, பொறுத்துக்கொள் என்றாள். இரண்டு பேர் சொன்னதும் நியாயம். நியாயம் என்று தெரிந்தேதான் செருப்பை மாட்டிக்கொண்டு ஆபீசுக்கு நடந்தேன்.

என்ன முடிவு என்று கமிஷனர் கேட்டார்.

“என்னுதுல இருந்தே ஆரம்பிங்க மேடம். அப்பத்தான் அவரு வாயத் தொறக்க முடியாது.”

நிஜமாகத்தானா என்று இரண்டு தடவை கேட்டுவிட்டுத்தான் அவர் பேனாவை எடுத்தார். பயந்துவிட்டாரோ என்று தோன்றியது.

எங்கள் ரூம்களைச் சம்மட்டியால் இடித்தார்கள். வீட்டுக்காரர் அதைப் பார்க்க மாட்டாமல் முந்தின நாளே கவுஞ்சிக்குப் போய்விட்டார். ஜெயமுருகன் கோர்ட்டுக்குப் போனான். தன்னை மட்டும் குறிவைக்கிறார்கள் என்று அவன் வக்கீல் வாதாடினார். எதிர்வீட்டு ரூம்களை ஏற்கெனவே இடித்தாயிற்று என்று நகராட்சி வக்கீல் போட்டோவைக் காட்டினார். அதோடு அவன் கதை முடிந்தது. ஜேசிபி வந்து மேல்மாடியிலிருந்து பிய்த்துப் போட்டது. அவன் ரோட்டோரம் நின்று வாயைப் பொத்திக்கொண்டு அழுதான். நான் என் இடிந்த மாடியில் செங்கற்களுக்கு நடுவே நின்று கடைசிச் சுவர் விழும் வரை பார்த்தேன். இன்னொரு ரூம் இருந்திருந்தால் அதையும் கொடுத்திருப்பேன்.

பீஸ் கட்ட வழியில்லாமல் ரம்யா படிப்பை விட்டுவிட்டு வந்தாள். இப்போது ஏரிப்பக்கம் ஒரு சாக்லேட் கடையில் பில் போடுகிறாள். வீட்டுக்காரரைப் போலவே அவளும் என்னிடம் அதிகம் பேசுவதில்லை. நேற்றுக் காலை வேலைக்குக் கிளம்பியவள் வாசலில் நின்று, எதிரே லாட்ஜ் இருந்த வெற்றிடத்தைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

“இப்ப உனக்கு நிம்மதியாம்மா?”

பொய் சொல்ல எனக்கு வரவில்லை. ஆமாம் என்றேன்.

சரி என்பது போலத் தலையை ஆட்டினாள். ஸ்வெட்டர் பொத்தானைப் போட்டுக்கொண்டே, கோபமே இல்லாத குரலில் கேட்டாள்.

“அப்ப நான் யாரு மேலம்மா மனு குடுக்க?”