அரசியே கேட்டாலும்

"அவிழ்க்க மாட்டேன்."

"ஜோசி, ராணியே கேக்கறாங்க—"

"யாரு கேட்டாலும் மாட்டேன். சத்தியம் பண்ணியிருக்கேன்."

"அது வெறும் நாடா, கண்ணு. இதோ கத்தரிக்கோல் இருக்கு. ஒரே வெட்டு—"

"வெட்டினா துரோகம்மா!"

"டேய் எவரெட், நீயாவது தங்கச்சிகிட்ட எடுத்துச் சொல்லேன்டா."

"நான் எதுக்குச் சொல்லணும்? அவ சொல்றதுதான் சரி."*

1

எனக்குக் கதை எப்போதும் காது வழியாகத்தான் வரும். முகம், உடுப்பு, வெயில் எல்லாம் பிறகு ஒட்டவைப்பவை. மேலே உள்ள சண்டையை எழுதி முடித்த பிறகுதான், இவர்கள் யாரென்று உங்களுக்குத் தெரியாதே என்ற நினைப்பு வந்தது. ஒழுங்கான தொடக்கம் ஒன்றை முயன்று பார்த்தேன்:

மக்காச்சோளம் முற்றி நின்ற செப்டம்பர் மாதத்தின் கடைசி ஞாயிறன்று, மினசோட்டாவின் வயல்வெளி ஒன்றில், மரக்கோட்டையின் கொடிகள் காற்றில்—

வேண்டாம். கொடிகள் ஆடி முடிப்பதற்குள் நீங்கள் காப்பி போட எழுந்து போய்விடுவீர்கள்.

நேராகவே சொல்கிறேன். எங்கள் ராஜா காலத் திருவிழா, பழைய ஐரோப்பிய ராஜா ராணி வேடம் கட்டிக் கூடுவது, வருடத்தில் ஏழு வார இறுதிகள் மட்டும் நடக்கும். அன்று கடைசி நாள். ஜோசி நைலண்டுக்கு ஏழு வயது. எவரெட் அவளுக்கு அண்ணன், பதினொன்று. அம்மா கொரின் பள்ளிப் பேருந்து ஓட்டுகிறவள். அப்பா டேரல் முழங்கால்வரை கட்டம் போட்ட பாவாடை கட்டி, குடும்பத்தின் நான்கு தண்ணீர்க் குவளைகளையும் இடுப்பில் தொங்கவிட்டிருந்தார். நடந்தால் மணி அடிக்கும்.

மூன்று மணிக்கு அரசி பிள்ளைகளுக்கு வீரப்பட்டம் கொடுப்பாள். பிள்ளை தன் வாளைத் தானே உருவி அரசியின் காலடியில் வைக்க வேண்டும். அவள் அதை எடுத்து இரண்டு தோள்களையும் தொடுவாள். அவ்வளவுதான் சடங்கு. போன வருடம் ஜோசி வரிசையிலேயே தூங்கிப்போனாள். அதிலிருந்து ஒரு வருடம் முழுக்கச் சமையலறையில் மண்டியிட்டுப் பழகியிருக்கிறாள், அகப்பையை வைத்துக்கொண்டு.

(* சண்டை நடந்தபோது நான் அங்கே இல்லை. வண்டி நிறுத்துமிடத்தில் கொரின் சொன்னது, எவரெட் திருத்தியது. "ஒரே வெட்டு" என்று தான் சொல்லவேயில்லை என்கிறாள் கொரின். சொன்னாள் என்கிறான் அவன். நான் அவன் பக்கம்.)

2

வாள் கொண்டு வருகிற யாரையும் வாசலில் நிறுத்துவோம். பிடியையும் உறையையும் சேர்த்து ஆரஞ்சு நாடாவால் கட்டுவோம், உள்ளே எவரும் உருவக்கூடாதென்று. எஃகு வாளோடு வரும் தாத்தாவுக்கும் அதே கட்டு, மர வாளோடு வரும் குழந்தைக்கும் அதே கட்டு. மூன்று மணிக்குப் பணியாட்கள் கத்தரிக்கோலோடு வந்து பிள்ளைகளின் நாடாக்களை வெட்டிக்கொண்டே போவார்கள். இத்தனை வருடத்தில் ஒரு பிள்ளையும் மறுத்ததில்லை.

வாசலில் நடந்த பேச்சு இது. (வேடம் கட்டியவர்கள் பேசுவது பழங்காலத்து ஆங்கிலம். நாற்பது வருடமாக என் காதில் அது நம் மேடை ராஜாக்களின் தமிழாகத்தான் விழுகிறது. அப்படியே விடுகிறேன்.)

"நில்! வாளேந்தி வருவது யார்?"

"ஜோசி. ஜோசி நைலண்ட்."

"இவ்வாள் இதுவரை எத்தனை டிராகன்களைக் கொன்றது?"

"ஒண்ணுகூட இல்ல. டிராகன் பாவம்."

 காவலர் நாடாவை எடுத்து இரட்டை முடிச்சாகப் போட்டார்.

"என் அனுமதியின்றி இதை உருவ மாட்டேன் என்று வாக்குக் கொடு."

"குடுத்துட்டேன்."

இதோடு நிறுத்தியிருக்க வேண்டும். எல்லாப் பிள்ளைகளிடமும் இதோடுதான் நிறுத்துவது. ஆனால் அந்தப் பெண் நெஞ்சில் கை வைத்து நின்ற தோரணை அப்படி. காவலர் மேலே போனார்:

"இம்முடிச்சை நானன்றி எவரும் தொடலாகாது. அரசியே கேட்டாலும்!"

"அரசியே கேட்டாலும்," என்றாள் ஜோசி. அவள் சிரிக்கவில்லை.

3

முதல் வரைவில் அந்தக் காவலருக்கு கில்பர்ட் என்று பெயர் வைத்திருந்தேன். ஆறடி உயரம், செம்பட்டைத் தாடி, பீப்பாய் போன்ற குரல். இது நான் இட்டுக்கட்டியதல்ல, ஜோசியே அம்மாவிடம் அப்படித்தான் சொல்லியிருக்கிறாள்: "பெரிய தாடிக்காரர்மா, குரல் கரகரன்னு." தலைக்கவசம் முகத்தை முழுக்க மூடிவிடும். தாடியை அவளே வைத்துவிட்டாள்.

கில்பர்டை வைத்துக்கொள்ள எனக்கு ஆசைதான். தவறு செய்தவன் தாடிக்காரனாக இருந்தால் எழுதுகிறவளுக்கு எவ்வளவு நிம்மதி! [கில்பர்ட், நீ போகலாம். போகிற வழியில் வறுத்த வான்கோழிக்கால் ஒன்று வாங்கிக்கொள்.]

தலைக்கவசத்துக்குள் இருந்தது நான். கரகரப்பு, செப்டம்பர் மகரந்தம் என் தொண்டைக்கு வருடா வருடம் செய்வது. அந்தக் கூடுதல் வரியும் என்னுடையதுதான். வசனம் நன்றாக வருகிறதே என்று ஒரு வரி அதிகம் சொல்லிவிடுகிற பழைய வியாதி. காகிதத்தில் என்றால் அடித்துவிடலாம். ஏழு வயதுப் பெண்ணிடம் சொன்னதை எப்படி அடிப்பது?

4

அரசியாக இருப்பவள் மாக்சின். வார நாட்களில் பல் மருத்துவமனையில் பல் சுத்தம் செய்கிற வேலை. கிரீடம் வைத்த பிறகு இருபத்திரண்டு வருடமாக ஒரு சாதாரண வார்த்தை பேசாதவள். அன்று தோழியின் பக்கம் சாய்ந்து முணுமுணுத்தாளாம்:

"யாருடி இந்தப் பிள்ளைக்கு இப்படி வசனம் சொல்லிக் குடுத்தது?"

பின்னால் நாற்பது பிள்ளைகள் வரிசையில். ஒரு பையன், "நாங்க எப்ப வீரர் ஆகறது?" என்று கத்தினான். டேரல் குவளைகள் கிணுகிணுக்க மண்டியிட்டார்.

"தங்கம், அடுத்த வருஷம் பாத்துக்கலாமா?"

"அடுத்த வருஷமும் சத்தியம் இருக்குமேப்பா."

"அப்ப உனக்குப் பட்டம் வேணாமா?"

"வேணும்." வாளை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். "ரொம்ப வேணும். ஆனா பொய் சொல்லி வாங்கினா அது வீரப்பட்டமாப்பா?"

மாக்சின் எழுந்தாள். (இந்த இடத்தில் அரசி கோபப்படுவதாக ஒரு பத்தி எழுதி, பாதியில் நிறுத்தினேன். அவள் கோபப்படவில்லை என்றால் படவில்லை.)

"மக்களே, கேளுங்கள்! இந்நாட்டில் எம் சொல்லை மறுத்து நிற்க ஒருத்தி இருக்கிறாள். அவள் எமக்கு அஞ்சவில்லை. தன் வாக்குக்கு அஞ்சுகிறாள். வாயில் காவலரை அழைத்து வாருங்கள்!"

"ஹுஸ்ஸா!" என்றது கூட்டம். எங்கள் திருவிழாவில் மகிழ்ச்சி என்றால் அதுதான் கத்தல். எவரெட் கத்தியதில் அவனுக்கு இருமலே வந்துவிட்டது.

அழைப்பு வாய்வழியாகக் கிளம்பியது. மெழுகுவத்திக் கடைக்காரர் மணி செய்கிறவளிடம் கத்த, அவள் சேற்றில் புரளும் பிச்சைக்காரக் கோமாளிகளிடம் கத்த, அவர்கள் குதிரைமேல் இருந்த வீரரிடம் கத்தினார்கள். நான் கழிப்பறை வரிசையில் நின்றுகொண்டிருந்தேன். தலைக்கவசம் வாசல் ஆணியில்; கையில் வான்கோழிக்கால்.

வெள்ளரி ஊறுகாய் விற்கும் டுவேன் தள்ளுவண்டியோடு மூச்சிரைக்க வந்து நின்றான்.

"ஏம்மா, ராஜ்யமே உங்களத் தேடுது! என்ன பண்ணித் தொலைச்சீங்க?"

"ஒரு வரி கூடச் சொல்லிட்டேன், டுவேன்."

"அது என்னைக்கு இல்ல? ஏறுங்க."

"ஊறுகாய்ப் பீப்பாய் மேலயா?"

"பீப்பாய்க்குப் பக்கத்துல. மேல ஏறினா ஊறுகாய் கெட்டுடும்."

இறக்கை கட்டிய தேவதைகள் இரண்டு பேர் பின்னால் தள்ள, தூசி பறக்க, நான் அரசவைக்குப் போய்ச் சேர்ந்தேன். எழுபது வயதில் இப்படி ஒரு பவனி யாருக்குக் கிடைக்கும்? வழி நெடுக ஹுஸ்ஸா. புடவைத்தலைப்பு என்று எழுதப் போனேன். இல்லை, காவலர் அங்கி. அது முழுக்க ஊறுகாய்த் தண்ணீர்.

5

இங்கே மூன்று முடிவுகள் எழுதி வைத்திருக்கிறேன்.

ஒன்று: நான் முடிச்சை அவிழ்க்கிறேன், வாள் வெயிலில் மின்னுகி— மர வாள் மின்னாது. அடித்தாயிற்று.

இன்னொன்று: என் விரல்களுக்கு இரட்டை முடிச்சு மசியவில்லை, அரசி படியிறங்கி வந்து, இருவரும் சேர்ந்து பல்லால்— பல் சுத்தம் செய்கிறவள் பல்லால் நாடா கடிக்க மாட்டாள்.

மூன்றாவது, உறையோடே பட்டம். ஜோசி அதற்கு ஒப்புக்கொள்ள மாட்டாள். அவளை இந்நேரம் உங்களுக்கும் தெரியும்.

நடந்தது என்னவென்று எனக்குத் தெரியும். அந்த நாற்பது பிள்ளைகளுக்கும் தெரியும். என் சமையலறைச் சுவரில் ஆரஞ்சு நாடா ஒன்று தொங்குகிறது. அதில் முடிச்சு இருக்கிறதா என்று கேட்காதீர்கள். இந்த முறை ஒரு வரியும் கூடுதலாகச் சொல்வதில்லை என்றிருக்கிறேன். மீதியை நீங்கள் பார்த்துக்கொள்ளுங்கள்.

என் காதில் கதை நின்ற இடம் இதுதான். வண்டியிலிருந்து இறக்கிவிட்டார்கள். முழங்கால் முறுமுறுக்க அவள் முன்னால் மண்டியிட்டேன்.  முடிச்சுக்குக் கை நீட்டினேன்.

ஜோசி ஒரு அடி பின்னால் போனாள். வாளை முதுகுக்குப் பின்னால் மறைத்தாள். என் நரைத்த பின்னலை, முகவாயில் ஒட்டிய வான்கோழி எண்ணெயை, மேலும் கீழும் பார்த்தாள்.

"எனக்கு முடிச்சுப் போட்டவருக்குத் தாடி இருந்துச்சு. நீங்கதான் அவர்னு நான் எப்படி நம்பறது?"